கோழித் தடுப்பூசி தயாரிக்க முட்டையா, முதல்நிலைச் செல்லா, செல் லைனா?

தடுப்பூசிக் கூடத்தை விரிவாக்கும் பேச்சை எடுத்தாலே, "முட்டையை விட்டுச் செல் வளர்ப்புக்குப் போய்விடலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இன்குபேட்டர் வரிசை வேண்டாம், ஓட்டுக் குப்பை வேண்டாம், சுத்தமான அறையில் பாட்டில்கள் மட்டும் உருண்டுகொண்டிருக்கும் என்பது அந்த யோசனையின் கவர்ச்சி. ஆனால் இது கூடத்துக்கு ஒன்றாக எடுக்கும் முடிவு அல்ல, வைரஸுக்கு ஒன்றாக எடுக்க வேண்டியது. ஒரே கூடத்தில் ராணிக்கெட் நோய்க்கான லசோட்டா முட்டையிலும், கட்டிகளை உண்டாக்கும் மேரக்ஸ் வைரஸ் கோழிக்கரு செல்லிலும், பர்சா என்னும் நோயெதிர்ப்பு உறுப்பைத் தாக்கும் கம்போரோ வைரஸ் செல் லைனிலும் வளர்ந்தால் அதில் குழப்பம் ஒன்றுமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

கையில் உள்ள வழிகள் மூன்று. எஸ்.பி.எஃப். முட்டை, அதாவது குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாதவை எனத் தொடர்ந்து சோதிக்கப்படும் மந்தையின் முட்டை, முதலாவது. அதே முட்டையின் கருக்குஞ்சைப் பிரித்து எடுக்கும் முதல்நிலை ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல் இரண்டாவது. கூடங்களில் இதை சி.இ.எஃப். என்பார்கள். டி.எஃப்-1, வெரோ, எல்.எம்.எச். போல உறைநிலையிலிருந்து எடுத்து வளர்த்துக்கொண்டே போகக்கூடிய செல் லைன் மூன்றாவது. இரண்டாவது வழிக்கும் எஸ்.பி.எஃப். முட்டை வேண்டும் என்பதைக் கவனியுங்கள். "செல் வளர்ப்பு வந்தால் முட்டைச் சார்பு போய்விடும்" என்பது மூன்றாவது வழிக்கு மட்டுமே பொருந்தும்.

ராணிக்கெட்: முட்டையை அசைக்க முடியாத இடம்

வெள்ளைக்கழிச்சல் என்று பண்ணையில் சொல்லும் ராணிக்கெட் நோய்க்கான லசோட்டா, எஃப் போன்ற மென்மையான திரிபுகளைச் செல்லில் வளர்க்க முயன்றால் முதல் தடை வைரஸின் எஃப் புரதத்தில் வரும். செல்லுக்குள் நுழைய அந்தப் புரதம் ஓரிடத்தில் வெட்டுப்பட வேண்டும். வீரியமான திரிபுகளில் வெட்டுமிடத்தில் ஆர்ஜினின், லைசின் அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து இருப்பதால் எந்தச் செல்லின் நொதியும் வெட்டிவிடும். முக்தேஸ்வரில் உருவான ஆர்2பி திரிபும் இந்த வகைதான், அது சி.இ.எஃப். செல்லில் தானாக வளரும். லசோட்டாவில் அந்த அமைப்பு இல்லை. டிரிப்சின் போன்ற நொதி வெளியிலிருந்து வந்தாக வேண்டும். முட்டையில் கருவைச் சுற்றியுள்ள அலன்டாயிக் பையின் திரவத்தில் அப்படிப்பட்ட நொதி இயற்கையிலேயே இருக்கிறது. செல் வளர்ப்பில் நாம்தான் மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் அளவில் டிரிப்சின் சேர்க்க வேண்டும்; சீரம் டிரிப்சினை முடக்கிவிடும் என்பதால், அதற்கு முன் சீரம் கலந்த மீடியத்தை முழுக்கக் கழுவி நீக்க வேண்டும். சீரம் இல்லாமல், டிரிப்சினும் சேர்ந்தால் மூன்றாம் நாளே பாட்டிலில் ஒட்டி வளரும் செல் விரிப்பு உரிந்து மிதக்கத் தொடங்கும். வைரஸ் பெருகியதால் உரிந்ததா, டிரிப்சின் அரித்ததா என்று வைரஸ் போடாத ஒப்பீட்டுப் பாட்டில் இல்லாமல் சொல்ல முடியாது.

இதையெல்லாம் சமாளித்தாலும் கணக்கு இடிக்கிறது. 9 அல்லது 10 நாள் அடைகாத்த ஒரு முட்டையிலிருந்து சுமார் 8 மி.லி. திரவம் கிடைக்கும். அதில் மி.லி.க்கு 10⁹ ஈ.ஐ.டி.50 (ஒரு ஈ.ஐ.டி.50 என்பது ஊசி போட்ட முட்டைகளில் பாதியைத் தொற்றச் செய்யும் வைரஸ் அளவு) என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 8×10⁹. உறைஉலர்த்தலில் போகும் இழப்பையும் ஆயுட்கால இழப்பையும் ஈடுகட்ட ஒரு டோஸுக்கு 10⁷ நிரப்பினால், ஒரு முட்டைக்கு 800 டோஸ். செல்லில் மி.லி.க்கு 10⁷ கிடைத்தால் ஒரு மி.லி.க்கு ஒரு டோஸ். ஒரு முட்டையின் வேலையைச் செய்ய 800 மி.லி. மீடியம். அந்த மீடியம், செல் வளர்க்கச் செலவான சீரம், பாட்டில், ஆள்கூலி எல்லாம் சேர்ந்து ஒரு எஸ்.பி.எஃப். முட்டையின் விலைக்குள் அடங்காது. 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் முதல் தனியார் கூடங்கள் வரை ராணிக்கெட் தடுப்பூசிக்கு முட்டை நிலைத்ததற்குப் பழக்கம் மட்டும் காரணம் அல்ல.

முட்டை வழியைத் தேர்ந்தவர்கள் விளைச்சலை இழப்பது பெரும்பாலும் அறுவடையில். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் இறந்த கருக்களைக் கேண்டலிங்கில், அதாவது முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, ஒதுக்க வேண்டும். அவை வைரஸால் அல்ல, ஊசிக் காயத்தாலோ பாக்டீரியாவாலோ இறந்தவை. அறுவடைக்கு முந்தைய இரவு முட்டைகளை 4 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெதுவெதுப்பாகவே ஓட்டைத் திறந்தால் ரத்தக்குழாய் கிழிந்து திரவம் சிவக்கும். சிவப்பணுக்களில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும், தெளிவாக்கும்போது அவற்றோடு சேர்ந்து வெளியே போய்விடும். டைட்டர், அதாவது மி.லி.க்கு உள்ள வைரஸ் அளவு, குறைந்தது ஏன் என்று பிறகு தயாரிப்பைத் தொடங்கிய வித்து வைரஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஐ.பி. என்னும் தொற்று மூச்சுக்குழல் அழற்சிக்கும் இதே முடிவுதான், இன்னும் கண்டிப்பாக. எச்120 போன்ற தடுப்பூசித் திரிபுகள் முட்டையில் வளர்பவை. வெரோ செல்லில் சுலபமாக வளரும் போடெட் திரிபு ஆய்வகத்துக்குத்தான் வசதி. அத்தனை தலைமுறை மாற்றி வளர்த்ததில் கோழிக்கு எதிர்ப்பாற்றல் தரும் திறனை அது இழந்துவிட்டது.

மேரக்ஸ்: முதல்நிலைச் செல்லின் சொந்த ஊர்

மேரக்ஸில் நிலைமை தலைகீழ். செல் வளர்ப்பில் இந்த வைரஸ் செல்லை விட்டு வெளியே வருவதில்லை. ஒரு செல்லிலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த செல்லுக்கு மட்டும் தாவும். அதனால் உயிருள்ள, தொற்றிய செல்லே தடுப்பூசி. நெதர்லாந்தில் உருவான சி.வி.ஐ.988 ரிஸ்பென்ஸ் திரிபை திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உயிரோடு வைத்துத்தான் ஹேச்சரிக்கு அனுப்ப முடியும். வான்கோழி ஹெர்பிஸ் வைரஸான எச்.வி.டி. எஃப்.சி.126 மட்டும் விதிவிலக்கு: செல்லை ஒலியலையால் உடைத்து, தகுந்த நிலைப்படுத்தியில் கலந்து உறைஉலர்த்தலாம், சாதாரணக் குளிர்பெட்டி போதும். இதிலுள்ள குறை என்னவென்றால், செல்லில்லாத எச்.வி.டி.யைத் தாய்வழி எதிர்ப்பொருள் சுலபமாக முறியடிக்கிறது. தாய்க்கோழிகள் தடுப்பூசி பெற்றிருக்கும் வணிக ஹேச்சரிக்கு இது பலவீனமான தேர்வு. நைட்ரஜன் கேன் போய்ச்சேராத இடங்களுக்கு அதுவே வழி.

செல்லை எடுக்கும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. 10 நாள் கரு வேண்டும். 12 நாளுக்கு மேல் போனால் தசையும் குருத்தெலும்பும் முதிர்ந்து டிரிப்சினுக்கு மசியாது. ஓட்டின் காற்றறைப் பக்கத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, வட்டமாக வெட்டி, வளைந்த இடுக்கியால் கருக்குஞ்சைக் கழுத்தில் பிடித்துத் தூக்க வேண்டும். தலை, கால், இறக்கை, குடல் பகுதிகளை நீக்கி, மிச்சத்தை நன்றாக நறுக்கி, பஃபரில் ரத்தம் போகும்வரை கழுவி, 0.25 சதவீத டிரிப்சினில் 37 டிகிரியில் மெதுவாகக் கலக்க வேண்டும். முதல் 10 நிமிடத்தில் வரும் திரவத்தில் சிவப்பணுவும் செத்த செல்லும்தான் இருக்கும், கொட்டிவிடலாம். அடுத்தடுத்த 15 நிமிடச் சுற்றுகளில் வருவதைக் குளிர்ந்த சீரத்தில் சேர்த்து டிரிப்சினை நிறுத்தி, மஸ்லின் துணியில் வடிகட்டி, சுமார் 200 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி எடுக்கலாம்.

கலவை திடீரென்று முட்டையின் வெள்ளைக்கருபோல இழுபடத் தொடங்கினால் டிரிப்சின் அதிகமாகிச் செல்கள் உடைந்து டி.என்.ஏ. வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் இன்னும் கொஞ்சம் டிரிப்சின் ஊற்றுவது வழக்கமான தவறு. கட்டி பெரிதாகுமே தவிர கரையாது.

ஒரு கருவுக்கு 5×10⁷ முதல் 10⁸ செல் வரை எதிர்பார்க்கலாம். 850 சதுர செ.மீ. ரோலர் பாட்டிலுக்கு சதுர செ.மீ.க்கு 1.5 லட்சம் செல் விதைத்தால் ஏறக்குறைய 1.3×10⁸ செல் தேவை. 100 பாட்டிலுக்கு 200 கரு என்று வைத்து, கருவுறாதவை, இடையில் இறந்தவை, மாசு சந்தேகத்தில் ஒதுக்குபவை எல்லாம் சேர்த்து 240 முட்டை அடை வைத்தால் கை கடிக்காது. 24 மணி நேரத்தில் விரிப்பு நிறைய வேண்டும். 48 மணி நேரத்திலும் இடைவெளி தெரிந்தால் அந்தத் தொகுப்பில் வைரஸ் போட வேண்டாம். மேரக்ஸுக்கு அடுத்த செல் தொட்டுக்கொண்டிருப்பதே பாதை, இடைவெளி விழுந்தால் பரவாது.

எச்.வி.டி.யில் தொற்றிய பிறகு இரண்டு மூன்று நாளில் விரிப்பில் 60 முதல் 80 சதவீதம் மாற்றம் தெரியும்போது எடுத்துவிட வேண்டும். முழுதாகத் தெரியட்டும் என்று காத்திருந்தால் செல் தானாக உதிர்ந்து செத்துவிடும். செத்த செல்லில் உள்ள வைரஸ் உறைவித்தலைத் தாண்டாது. ரிஸ்பென்ஸ் இதைவிட மெதுவாக வளரும், அறுவடை ஓரிரு நாள் தள்ளும். எடுத்த செல்லை 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ.வும் (உறையும்போது செல்லைக் காக்கும் ரசாயனம்) சீரமும் கலந்த மீடியத்தில் நிரப்பி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மைனஸ் 70 வரை இறக்கி, அதன்பின் நைட்ரஜனுக்கு மாற்ற வேண்டும். டி.எம்.எஸ்.ஓ. சேர்த்த கலவையை அறை வெப்பத்தில் வைத்துக்கொண்டு ஆம்பியூல் நிரப்புவது அடிக்கடி நடக்கும் பிழை. முதல் ஆம்பியூலுக்கும் கடைசி ஆம்பியூலுக்கும் டைட்டர் மாறுபட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சி.இ.எஃப். செல் சில தலைமுறைக்குள் கிழடு தட்டிவிடும். அதனால் ஒவ்வொரு பேட்சும் புது முட்டையில் தொடங்குகிறது, மந்தையின் தரமும் பருவமும் விளைச்சலில் தெரிகிறது. செல் லைனுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமே என்ற ஆசை நியாயமானது. ஆனால் மேரக்ஸில் டி.எஃப்-1 இன்னும் சி.இ.எஃப்.பை நகர்த்தவில்லை. செல்லோடு ஒட்டிய வைரஸின் விளைச்சல் அதில் குறைவு. உயிருள்ள செல்லையே குஞ்சுக்குச் செலுத்துவதால், அழியாமல் பெருகும் செல்லைச் செலுத்துவது பற்றி அதிகாரிகள் கேட்கும் கேள்விகளும் கூடுதல். இன்னொரு பக்கம், எச்.வி.டி.க்குள் கம்போரோ போன்ற பிற நோய்களின் மரபணுவைப் பொதித்த வெக்டர் தடுப்பூசிகளும் சி.இ.எஃப். செல்லில்தான் வளர்கின்றன. அந்தத் திசையில் போக எண்ணமிருந்தால் சி.இ.எஃப். வசதியில் போடும் பணம் வீணாகாது.

கம்போரோ, ரியோ, அடினோ: செல் லைன் ஜெயிக்கும் இடம்

1998இல் வெளிவந்த டி.எஃப்-1, ஈஸ்ட் லான்சிங் லைன்-0 என்னும் கோழி இனத்தின் கருவிலிருந்து தானாகவே அழியாத்தன்மை பெற்ற ஃபைப்ரோபிளாஸ்ட். வைரஸ் கொண்டோ ரசாயனம் கொண்டோ மாற்றப்பட்டதல்ல என்பது தடுப்பூசிக்கு அதன் முதல் தகுதி. அந்த இனத்தின் மரபணுவில் இ வகைக் கோழி லூக்கோசிஸ் வைரஸின் உள்ளுறை நகல்கள் (பரம்பரையாக மரபணுவிலேயே பதிந்து வருபவை) இல்லை என்பது இரண்டாவது. 39 டிகிரியில் நன்றாக வளரும்; வழக்கத்தின்படி 37இல் வைத்துவிட்டு மெதுவாக வளர்கிறதே என்று திகைப்பவர்கள் உண்டு.

கம்போரோவின் மிதமான தடுப்பூசித் திரிபுகள் சி.இ.எஃப்., டி.எஃப்-1, வெரோ மூன்றிலும் வளரும். மி.லி.க்கு 10⁷ டி.சி.ஐ.டி.50 (ஈ.ஐ.டி.50 போன்றதே, முட்டைக்குப் பதில் செல் வளர்ப்பில் அளப்பது) கிடைத்தால், 100 மி.லி. உள்ள ஒரு ரோலர் பாட்டிலில் 10⁹. டோஸுக்கு 10⁴ நிரப்பினாலும் ஒரு லட்சம் டோஸ். ராணிக்கெட்டுக்குச் செல் கட்டுப்படியாகாமல் போவதும் கம்போரோவுக்கு ஆவதும் டோஸில் வேண்டிய வைரஸ் அளவின் வித்தியாசத்தால்தான். ரோலர் பாட்டிலைவிட மேலே போக மைக்ரோகேரியர் மணிகள் உண்டு. ஒரு கிராம் சைட்டோடெக்ஸ்-1 மணியில் சுமார் 4,400 சதுர செ.மீ. பரப்பு. லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 13,200 சதுர செ.மீ., அதாவது ஒரு லிட்டர் கலனில் 15 ரோலர் பாட்டில். செல் ஒட்டும் முதல் சில மணி நேரம் கலக்கியை விட்டுவிட்டு மட்டும் ஓட்ட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் பாதி மணிகள் வெறுமையாகவும் பாதி மணிகள் கொத்தாகவும் நின்றுவிடும்.

ஆனால் எல்லாக் கம்போரோவும் செல்லுக்கு இறங்கி வராது. வயல்வெளியின் கடும் திரிபுகள் கோழியின் பர்சாவிலும் முட்டையிலும் வளரும், ஃபைப்ரோபிளாஸ்டில் வளராது. செல்லில் வளர, வைரஸின் வெளி ஓடான வி.பி.2 புரதத்தின் 253, 279, 284 ஆகிய இடங்களில் அமினோ அமிலம் மாற வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தோடு வீரியமும் தணிகிறது. எனவே "எங்கள் ஹாட் வகையை (அதிகம் தணிக்காத திரிபை) அப்படியே செல்லுக்கு மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால், வெளியே வருவது அதே தடுப்பூசியாக இருக்காது. தாய்வழி எதிர்ப்பொருளைத் துளைத்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே அந்தத் திரிபைத் தேர்ந்திருந்தால் முட்டையிலேயே விடுங்கள்.

வெரோ ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகச் செல். கோழி செல்லே இல்லை என்பது அதன் பலமும் பலவீனமும். முட்டைவழிப் பரவும் கோழி வைரஸ்கள் அதில் ஒளிந்திருக்க வாய்ப்புக் குறைவு. மறுபக்கம், வைரஸைக் குரங்குச் செல்லுக்குப் பழக்கும்போது கோழியில் அதன் குணம் மாறிவிட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். மூட்டு அழற்சி உண்டாக்கும் ரியோவைரஸுக்கும் பழகிய கம்போரோ திரிபுக்கும் இது நல்ல தேர்வு.

கோழி அடினோவைரஸுக்கு, குறிப்பாக 1987இல் பாகிஸ்தானின் அங்காரா கோத்தில் முதலில் தெரிந்த, இதயத்தைச் சுற்றி நீர் கோக்கும் ஹைட்ரோபெரிகார்டியம் நோய்க்கு, நோயுற்ற கோழியின் ஈரலை அரைத்து ஃபார்மலினில் செயலிழக்கச் செய்யும் பழைய முறை இருந்தது. ஒவ்வொரு ஈரலிலும் வைரஸ் அளவு வேறு. கோழிக்கு வேறு என்ன நோய் இருந்ததோ அதுவும் கூடவே வரும். கோழி ஈரல் புற்றிலிருந்து வந்த எல்.எம்.எச். செல்லில் இந்த வைரஸ் நன்றாகப் பெருகும். தடுப்பூசி செயலிழந்த வகை என்பதால் புற்றுச் செல் என்ற அச்சத்தையும் சமாளிக்கலாம். செல் வளர்ப்புக்கு மாறுவதில் சந்தேகமே வேண்டாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

குவெய்ல் புற்றிலிருந்து வந்த க்யூ.டி.35 செல்லையும் கோழி அம்மைக்கும் ரியோவுக்கும் சிலர் சொல்வார்கள். பல்லாண்டு பயன்பாட்டுக்குப் பிறகு 2000இல் அதற்குள் மேரக்ஸ் வைரஸின் மரபணுக்கள் குடியிருப்பது தெரியவந்தது. தயாரிப்புக்கு அதைத் தவிர்ப்பதே மேல்.

ஐ.எல்.டி.: ஒரே வைரஸ், வேறு வேறு குணம்

விளைச்சலை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு ஐ.எல்.டி. என்னும் தொற்று குரல்வளை-மூச்சுக்குழல் அழற்சி நல்ல சாட்சி. முட்டையில் வளர்த்துத் தணித்த தடுப்பூசியைக் குடிநீரிலும் ஸ்ப்ரேயிலும் கொடுக்கலாம், வேலை சுலபம். ஆனால் அது கோழியிலிருந்து கோழிக்குத் தாவிக்கொண்டே போனால் வீரியம் திரும்புகிறது. பாதி மந்தைக்குத்தான் தண்ணீர் சரியாகப் போனது என்றால் மிச்சப் பாதியில் அந்தத் தாவல் நடக்கும். செல்லில் தணித்த தடுப்பூசியில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கோழிக்கும் கண்ணில் சொட்டு விட வேண்டும். லட்சம் கோழிப் பண்ணையில் சொட்டு மருந்துக்கு ஆள் கிடைக்காது என்ற காரணத்தால் முட்டை வகை வாங்கப்படுகிறது. பண்ணைகள் நெருக்கமாக உள்ள நாமக்கல் போன்ற பகுதிக்குத் தயாரிப்பதாக இருந்தால் செல் வகையைத்தான் பரிந்துரைக்க முடியும்.

கூடவே வரும் அந்நியக் கிருமி

புற்று உண்டாக்கும் லூக்கோசிஸ் வைரஸும் ஆர்.இ.வி.யும் (ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் வைரஸ்) சி.இ.எஃப். விரிப்பில் எந்த மாற்றத்தையும் காட்டாமல் வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால் அழகான விரிப்பு. 1970களில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆர்.இ.வி. கலந்த மேரக்ஸ் தடுப்பூசி குஞ்சுகளுக்குப் போய், அவை குன்றின, இறகு கோணலாக முளைத்தது. முட்டையின் அலன்டாயிக் திரவத்தைவிடச் செல் தடுப்பூசிக்கு இந்த ஆபத்து கூடுதல். செல்லையே அப்படியே கொடுக்கிறோம், வடிகட்ட முடியாது. மேரக்ஸ் கூடத்தில் எஸ்.பி.எஃப். முட்டைக்குப் பதில் சாதாரண மந்தை முட்டை வாங்கிச் செலவைக் குறைக்கலாம் என்ற யோசனையைப் பேச்சோடு நிறுத்திவிடுவது நல்லது.

லூக்கோசிஸ் வைரஸின் பி27 புரதத்தைத் தேடும் எலைசா சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. பல கோழி இனங்களின் உள்ளுறை நகலே பி27 புரதத்தைத் தயாரிப்பதால், சுத்தமான சி.இ.எஃப். செல்லும் பாசிட்டிவ் காட்டும். அதே மாதிரியை டி.எஃப்-1இல் சில தலைமுறை வளர்த்துச் சோதித்தால் அந்தப் பின்னணி இல்லை. பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். தயாரிப்புக்கு டி.எஃப்-1 வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் சோதனைக்கூடத்தில் அதை வைத்திருக்க இது போதுமான காரணம்.

சீரம், டிரிப்சின் இரண்டும் விலங்கிலிருந்து வருபவை. சீரத்தைக் காமா கதிர் பாய்ச்சியதாக வாங்குங்கள். 0.2 மைக்ரான் வடிகட்டி, செல்சுவர் இல்லாத நுண்ணிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவை நிறுத்தாது. செல் லைனில் அது ஒருமுறை நுழைந்தால் உறைநிலையில் சேமித்த செல் வங்கியோடு போக வேண்டியதுதான்.

அந்த வங்கியே செல் லைனின் முன்செலவு. மாஸ்டர் வங்கி, வொர்க்கிங் வங்கி, அடையாளம், அந்நிய வைரஸ், குரோமோசோம், கட்டி உண்டாக்கும் தன்மை எல்லாம் முதலிலேயே சோதிக்க வேண்டும். மாஸ்டரிலிருந்து தயாரிப்பு வரை வழக்கமாக 20 தலைமுறைக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை முடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் ஓடும். வருடத்துக்கு நான்கைந்து பேட்ச் மட்டும் போடும் கூடத்துக்கு இந்தச் செலவு திரும்பி வருவது கடினம்; அங்கே கம்போரோவுக்கும் சி.இ.எஃப். போதும்.

வாத்துச் செல்லிலிருந்து வந்த ஈ.பி.66 போல, ஒட்டாமல் மிதந்தே, சீரம் இல்லாமல் வளரும் செல்களும் உண்டு. மணியும் வேண்டாம், ரோலரும் வேண்டாம், கலனைப் பெரிதாக்கினால் போதும். உரிமக் கட்டணமும் பயோரியாக்டர் நடத்தத் தெரிந்த ஆளும் இருந்தால்தான் பேச முடியும்.

கம்போரோவை முட்டையிலிருந்தோ சி.இ.எஃப்.பிலிருந்தோ டி.எஃப்-1க்கு மாற்றுவதாக முடிவானால், பழைய வரிசையை உடனே பிரிக்காதீர்கள். மாஸ்டர் வித்திலிருந்து தடுப்பூசி வரை 5 தலைமுறைக்குள் நிற்கிறதா என்று முதலில் எண்ணுங்கள். புதுச் செல்லுக்குப் பழக்குவதிலேயே அது தீர்ந்துவிட்டால் புதிய மாஸ்டர் வித்து தேவை, பாதுகாப்புச் சோதனையும் முதலிலிருந்து. வி.பி.2 வரிசையைப் பழக்கத்துக்கு முன்னும் பின்னும் படித்து அந்த மூன்று இடங்களைப் பாருங்கள். பிறகு எஸ்.பி.எஃப். குஞ்சுகளில் பழையதையும் புதியதையும் ஒரே நாளில் கொடுத்து, பர்சாவின் எடையையும் திசுச் சேதத்தையும் எதிர்ப்பொருளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தொடர்ந்து 3 பேட்ச் ஒன்றுபோல வந்த பிறகு பழைய ரோலர் ரேக்கைக் கழற்றலாம்.